ஆட்டைப் பற்றிப் பேச அத்தானை அழைத்தது

1

ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டால் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிடும் என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் நான் வெளியூர்க்காரி ஆகிவிட்டது தெரிந்தது. மெல்பர்னுக்கு நாங்கள் குடிவந்து இந்த மாதத்தோடு எட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பால் பணியாரம் செய்வேன். என் வீட்டுக்காரர் சேவியர் நாலைந்தை உள்ளே தள்ளிவிட்டு, "இன்னும் ரெண்டு வருசந்தான், ஊருக்குத் திரும்பிருவோம்" என்பார். முதல் வருடமும் அதையேதான் சொன்னார். பணியாரம்தான் கொஞ்சம் தேறியிருக்கிறது.

இந்த வருடம் பணியாரத் தட்டோடு ஒரு வம்பும் வந்தது. டிசம்பரில் காரைக்குடிக்குப் போவதாக ஏற்பாடு. இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது ஊர் மாதா கோயில் பூசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அன்று உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், விமானம் பறக்காது என்று சேவியர் அலுவலகத்திலிருந்து தினம் ஒரு வதந்தி கொண்டுவருவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணியாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் மகள் ஜெனிதான், "நான் வரலைம்மா. ஒலிவியா வீட்டில இருந்துக்குறேன். அவங்க பீச்சுக்குப் போறாங்க" என்றாள் ஆங்கிலத்தில். ஒலிவியா அவள் வகுப்புச் சிநேகிதி.

ஜெனிக்குப் பதினோரு வயது. இங்கே வரும்போது மூன்று. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழில் பேசித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், "நான் குளிர் பிடிச்சிட்டேன், மூக்கு ஓடிப் போகுது" என்கிற மாதிரி எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்வாள்.

"ஏன்டி வரலைங்குற?"

"அங்க எனக்கு யாரையும் தெரியாது."

பெரியம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார், அமலி அக்கா, டேவிட் என்று விரல் விட்டு எண்ணினேன். எல்லாரையும் போட்டோவில் தெரியும் என்றாள். இழுத்துக்கொண்டு போகலாம். பதினோரு வயசுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஊரில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவா நான் ஆசைப்பட்டேன்? அவளாக மனம் வைத்து வர வேண்டும். அதற்கு என்ன வழி என்று தெரியவில்லை.

2

வழி ஒரு ஆட்டிலிருந்து வந்தது.

அருள் அண்ணன் காரைக்குடியிலிருந்து அனுப்பும் பார்சலில் வற்றல், மிளகாய்ப் பொடியோடு எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். இந்த முறை வந்தது 'யார் வீட்டு ஆடு?' என்ற சிறுவர் நாவல். கதை இவ்வளவுதான். பூங்கொடி என்ற சிறுமியின் அப்பா பஸ் கண்டக்டர். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது. போகிற இடத்தில் ஆடு வளர்க்க முடியாது. அதனால் தன்னுடைய கிடாக்குட்டி ராசுவைச் சிநேகிதி மீனாளிடம் விட்டுவிட்டுப் போகிறாள். ரெண்டு வருடம் கழித்துக் கையில் கயிறோடு திரும்பி வருகிறாள். அதற்குள் ராசு மீனாள் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரைக்கும் போய்வரும் ஆடாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் கண்மாய்க் கரையில் வைத்துப் பூங்கொடி கயிற்றை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிவிடுகிறாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறை மேஜையில் உட்கார வைத்துத் தினம் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினேன். 'நல்லா இருக்கா' என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் கடைசி அத்தியாயத்தை முடித்ததும் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். எழுத்துக் கூட்டித் திரும்பவும் படித்தாள். அரைமணி நேரம் ஆனது. பிறகு கேட்டாள், "ஊர்ல யாராவது இதைப் படிச்சிருக்காங்களா? யாரோடயாவது இதுக்குச் சண்டை போடணும்."

இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். பிஸ்கட் தருவார்கள். நடத்துகிற அம்மா, 'ஏன் அப்படி நினைக்கிறாய்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார், மற்றபடி பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத குறைதான். எனக்குப் படிப்பு என்றால் வாத்தியார் கேட்பார், நாம் எழுந்து நின்று சொல்வோம், அவ்வளவுதான். தேவகோட்டையில் நான் படித்த பள்ளியில் ஒரு கதையைப் பற்றி 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லியிருந்தால் வெளியே முட்டி போட வைத்திருப்பார்கள்.

சண்டை போடத்தானே ஆள் வேண்டும், எங்கள் குடும்பத்தில் அதற்கா பஞ்சம்? கம்ப்யூட்டரில் சாட் ரூம் என்று ஒன்று இருக்கிறது, நாலு பேர் நாலு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் எழுதிப் பேசிக்கொள்ளலாம் என்று சேவியர் சொன்னார். காரைக்குடியிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இன்டர்நெட் சென்டர் திறந்திருக்கிறது, அண்ணனுக்கு அங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. நடத்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

3

வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. காரணம் என் மாமனார். இந்த நாட்டில் எந்த விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த புதிதில் சேவியர் அதில் அவருடைய அப்பா பெயரான சூசை என்பதை எழுதிவிட்டார். அன்றிலிருந்து மின்சார வாரியம், நகராட்சி, பால்காரன் வரைக்கும் எல்லாரும் திருவாளர் சூசையோடுதான் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்கள். இணைப்புக் கொடுக்கிற கம்பெனியும் தொலைபேசியில் சூசை அவர்களிடம் பேச வேண்டும் என்றது. அவர் கானாடுகாத்தான் பக்கம் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குமா? கடைசியில் சேவியர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சூசையாகப் பேசினார்.

அண்ணனிடம் சொல்லி அதே கடையில் அதே புத்தகத்தில் இன்னும் ரெண்டு பிரதி வாங்க வைத்தேன். ஒன்று அவர் மகன் டேவிட்டுக்கு, இன்னொன்று என் அக்கா ரோஸியின் மகள் அமலிக்கு. பிறகு உட்கார்ந்து அழகாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்பதால் அதற்கே ஒரு மாலை போயிற்று. அன்புள்ள டேவிட், அமலி, வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்டர்நெட் சென்டரில் கதை பற்றிப் பேசலாம், தவறாமல் வரவும். அண்ணன் அதை அச்செடுத்து ரெண்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. இங்கே சாயங்காலம். ஜெனி தலை சீவி, புத்தகத்தில் ஊதா நிறக் காகிதத் துண்டுகளை அடையாளம் வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மோடம் கத்தி முடித்து, சாட் அறை திறந்தது. அறையில் ஜெனி மட்டும் இருந்தாள். 'ஹலோ' என்று அடித்தாள். கொஞ்சம் கழித்து இன்னொரு 'ஹலோ'.

"இங்க இப்பதான கடிகாரத்தை முன்னால தள்ளி வச்சாங்க, அதில ஏதாவது குழப்பம் ஆயிருக்கும்" என்றேன். அவள் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்தும் அறையில் அவளுடைய ஹலோக்கள் மட்டும்தான் இருந்தன.

"பாத்தீங்களா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவங்களுக்கு என்னோட பேச வேண்டாம். நான் ஒலிவியாகிட்ட வர்றேன்னு சொல்லிடவா?"

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஃபோனை எடுத்தேன்.

4

"என்னண்ணே, பிள்ளைகள அனுப்பலையா?"

அண்ணன் கொஞ்சம் இழுத்தார். "டேவிட் கிளம்பித்தான் நின்டான்த்தா. அத்தான் வீட்டுல அமலிய அனுப்பலன்னுட்டாக. அவுக வராம நம்ம வீட்டுப் பிள்ளைய மட்டும் அனுப்புனா நல்லாவா இருக்கும்? அதான் நானும் நிப்பாட்டிட்டேன்."

"அத்தான் ஏன் அனுப்பலையாம்?"

"நீ கூப்பிட்டியா?"

"மெயில் போட்டேன்லண்ணே."

"போட்ட. யாருக்குப் போட்ட? எடுத்தவுடனே டேவிட்டுன்னு எழுதியிருக்க, அப்பறந்தான் அமலி. மூத்தவ வீட்டப் பின்னால தள்ளிட்ட. அத்தானப் பத்தி ஒரு வரி இல்ல. அதையும் நான் கடைப் பையன்ட்டக் குடுத்துவிட்டேன், தப்புத்தான். அவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'பிள்ளையத் தனியா அனுப்பிவிட இது என்ன டியூசனா? வீட்டுல ஒரு காரியம்னா வாயால ஒரு வார்த்த கூப்பிட வேணாமா?'ன்டு கேட்டாரு."

ஃபோனை வைத்தேன். எட்டு வருடத்துக்கு முன்பு இதை எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்திருக்குமா? எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் பத்திரிகை அடிப்பது சும்மா ஒப்புக்குத்தான். வீட்டுக்கு வீடு நேரில் போய், பெரியவர்களைப் பார்த்து, 'அவசியம் வந்துரணும்' என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. ரோஸி அக்கா கல்யாணத்தின்போது தேவகோட்டையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்ததால் அப்பா பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வந்தார்கள். கோயிலில் கடைசி வரிசையில் நின்று பூசை கண்டார்கள். பந்தியில் மட்டும் உட்காரவில்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்கள். அப்பா மறுநாளே தட்டில் பழம் வைத்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவள், ஒரே மின்னஞ்சலில் ரெண்டு வீட்டையும் அழைத்திருக்கிறேன்.

உடனே அத்தானுக்கு ஃபோன் போட்டேன். ரோஸி அக்காவின் வீட்டுக்காரர் அவர். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சாமானியமாகக் கோபப்பட மாட்டார், பட்டால் இறங்க மாட்டார்.

"அத்தான், நல்லாருக்கீகளா?"

"இருக்கம்."

"அத்தான், அடுத்த சனிக்கிழமை நம்ம ஜெனி ஒரு கதையப் பத்திப் பேசுறா. நீங்களும் அக்காவும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு அவசியம் வந்துரணும். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் ஐ.எஸ்.டி. கட்டணம் என் கண் முன்னால் ஓடியது.

"கத எது, அந்த ஆட்டுக் கதைதான?" என்றார். "நான் படிச்சுட்டேன். அமலி படிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன். சரி விடு, மத்தத நான் பாத்துக்கிறேன்."

அந்த 'மத்தத' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

5

அடுத்த சனிக்கிழமை காரைக்குடியில் நடந்ததை அண்ணன் பிற்பாடு ஃபோனில் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். முன்ன நின்று நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அத்தான் நடத்திவிட்டார். அண்ணனை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரெண்டு நாள் வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார். எங்கள் சித்தப்பா வீடு, அவர்கள் சம்பந்தி வீடு, எதிர் வீடு. 'ஸ்டெல்லா மக வெளிநாட்டுலருந்து பேசுறா, குடும்பத்தோட வந்துருங்க.' ஸ்டெல்லா நான்தான். என்ன பேசுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அழைத்த முறையில் குறை இல்லை, வந்துவிட்டார்கள்.

நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்த அந்தச் சென்டரின் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்களாம். சென்டர் வைத்திருந்த முத்துராமன் பாவம், "சார், விசிறி இல்லாத ரூமு, இத்தன பேரு உள்ள வந்தா கம்ப்யூட்டர் சூடாகிப்போகும்" என்று கெஞ்சியிருக்கிறார். பெண்கள் உள்ளே, ஆண்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்று ஏற்பாடாயிற்று. தட்டில் சீப்புச் சீடை வேறு. சீடைக் கையோடு யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது என்று முத்துராமன் கறாராகச் சொன்னதால், டேவிட் ஒருவன்தான் பட்டினியாக உட்கார்ந்து தட்டினான்.

இதெல்லாம் தெரியாமல் இங்கே ஜெனி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரப்போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள், எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுத்துகள் வர ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. சாப்பிட்டியா. அங்க வெயிலா மழையா. நான் உன் சின்னத் தாத்தா. உயரம் எவ்வளவு இருக்க. ஆங்கில எழுத்தில் வந்த தமிழை ஜெனி என்னைவிட வேகமாகப் படித்தாள். "அம்மா, யாரு இவங்கல்லாம்? எத்தனை பேரு இருக்காங்க?" என்று கேட்டாள், கன்னம் சிவந்துவிட்டது.

பிறகு அமலி குறுக்கிட்டு, 'கதைக்கு வாங்க' என்று அடிக்கச் சொன்னாள். அவள் கெட்டிக்காரி. பூங்கொடி செய்தது சரியா தப்பா என்று கேள்வியைப் போட்டாள்.

முதல் கருத்து வாசலிலிருந்து வந்தது. ரெண்டு வருசமாக ஒரு கிடாயை வெட்டாமல் யார் வீட்டில் வைத்திருப்பார்கள், கதை எழுதினவருக்கு ஆடு பற்றித் தெரியவில்லை என்று சித்தப்பா சொன்னதை டேவிட் ஒரு சொல் விடாமல் அடித்துவிட்டான். ஜெனி அலறிவிட்டாள். "ராசுவைச் சாப்பிடணும்னு சொல்றாங்களா?" அமலி அவசரமாக, 'தாத்தா சும்மா சொல்றாக' என்று சமாளித்தாள்.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஆடு பூங்கொடியுடையது, அவள் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றான் டேவிட். ராசுவுக்கு இப்போது மீனாள் வீடுதான் வீடு என்றாள் ஜெனி. பிறந்ததிலிருந்து வளர்த்தவளை எப்படி மறக்கலாம் என்றான் டேவிட். ஜெனி ஊதாக் காகிதம் வைத்த பக்கங்களைப் புரட்டிப் புரட்டி ஆதாரம் எடுத்தாள். ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி, எழுத்துப் பிழை மீதி. நான் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்தேன். சேவியர் மெதுவாக வந்து, "ஏய், தமிழ்ல சண்ட போடுறா" என்று என் காதில் சொன்னார்.

'ஆடு சொந்தக்காரிய மறந்துருச்சு. அதான் வரல' என்று டேவிட் அடித்தான்.

ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். 'மறக்கலை. யாரும் அதைக் கூப்பிடலை. கயிறு கொண்டு வந்தா அது கூப்பிடுறது இல்லை.'

டேவிட்டுக்குக் குறும்பு. 'டிசம்பர்ல உன்னையும் கயிறு கட்டியா கூட்டியாறாங்க?'

ஜெனி நிறுத்தாமல் அடித்தாள். 'ஆமா. அப்பா லீவு போட்டாங்க. அம்மா டிக்கெட் வாங்கினாங்க. மாமா போன்ல அம்மாகிட்ட எல்லாரும் வாங்கன்னு சொன்னாங்க. பெரியம்மா அம்மாவுக்கு லெட்டர் போட்டாங்க. என்கிட்ட யாரும் சொல்லலை.'

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாக எத்தனை ஃபோன், எத்தனை கடிதம். எல்லாவற்றிலும் 'ஜெனி எப்படி இருக்கா' என்று என்னைத்தான் கேட்டார்கள். அவளிடம் ஃபோனைக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேச வைக்க நானும் மெனக்கெட்டதில்லை. வாயால் ஒரு வார்த்தை அழைக்கவில்லை என்று அத்தான் கோபித்துக்கொண்டபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதே கோபத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும் புரியவில்லை.

6

திரையில் ஒன்றும் வரவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று சேவியர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். போகவில்லை.

அங்கே அமலி அந்த வரிகளைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து உள்ளே வந்து, தானே ஒரு முறை திரையைப் படித்துவிட்டு, "எந்திரிடா" என்று டேவிட்டை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாராம். கம்ப்யூட்டரை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறார். அமலி உதவ வந்தபோது கையைத் தட்டிவிட்டாராம்.

எங்களுக்கு அது ஒரு யுகம் கழித்து வந்தது.

'ஜெனி. பெரியப்பா பேசுறேன். தப்பு எங்க மேலதான். டிசம்பர்ல நீ நம்ம வீட்டுக்கு அவசியம் வரணும். உன்னையத்தான் கூப்பிடுறேன். உங்க அம்மா அப்பா வந்தா வரட்டும்.'

ஜெனி அதை ரெண்டு முறை படித்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், சேவியர் என் கையைப் பிடித்துவிட்டார். அவள் கீபோர்டை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், யோசித்தாள், பிறகு அடித்தாள்.

'யோசிச்சுச் சொல்றேன் பெரியப்பா.'

எனக்கு உயிர் போய்விட்டது. இவ்வளவு பெரிய மனிதர் இறங்கி வந்து அழைக்கிறார், இந்தப் பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டதே என்று அன்று இரவே அண்ணனுக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சிரித்தார். "மன்னிப்பா? அத்தான் எந்திரிச்சு நின்டு எல்லார்ட்டயும் சொல்றாரு, 'பாத்தீகளா, கூப்பிட்டவுடனே வாறேன்னு விழுந்தடிச்சுச் சொல்லல. முறை தெரிஞ்ச பிள்ள'ன்னு. சீடை தீர்ந்து போச்சுத்தா, மறுபடி வாங்கியாரச் சொன்னாரு."

மறுநாள் காலை ஜெனி சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். ஒலிவியாவிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். பாலை ஊற்றிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து, தமிழிலேயே கேட்டாள்.

"அம்மா, டிசம்பர்ல நான் காரைக்குடி போறேன். நீங்களும் வர்றீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு முறை தெரியாது. கேட்ட உடனே, "வாறேன்" என்றேன்.